கண்காட்சிக்குப் போகாத கார்கள்

பழைய கார் என்று சொன்னதும் நம்மில் பலருக்கு உடனே நினைவுக்கு வருவது ரோல்ஸ் ராய்ஸ்தான். அடுத்து பென்ட்லி, பியூக், கப்பல் மாதிரி நீண்டு கிடக்கும் பழைய செவர்லே. ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை இவற்றையெல்லாம் ஒரு மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, சுற்றிலும் கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று அட்டை மாட்டி வைப்பார்கள். பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு வருவோம். நானும் போயிருக்கிறேன். குறை சொல்ல மாட்டேன். அந்தக் கார்களைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் நல்ல காரியம்தான் செய்கிறார்கள்.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்று உண்டு. குரோம்பேட்டை சிக்னலில், ஷேர் ஆட்டோவுக்கும் மாநகரப் பேருந்துக்கும் நடுவில், ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருப்பதைப் பார்ப்பதுதான் அது. பின்சீட்டில் காய்கறிப் பை இருந்தால் இன்னும் விசேஷம். ராஜா வீட்டுக் கார்களுக்கு ஒன்றும் ஆகாது. நம்மைப் போன்றவர்கள் வீட்டில் இருந்த கார்கள்தான் நம் கண்ணெதிரே காணாமல் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு உரிய இடம் தெருதான் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

விலை உயர்ந்த பொருளுக்குக் காவல் தானாக வந்து சேரும். ரோல்ஸ் ராய்ஸ் வைத்திருப்பவருக்கு அதன் மதிப்பு தெரியும். அவர் வேண்டாம் என்றால் வாங்கிக்கொள்ள பத்துப் பேர் காத்திருப்பார்கள். கோவை அவிநாசி சாலையில் 2015-இல் ஜி.டி. நாயுடுவின் நினைவாக ஒரு கார் அருங்காட்சியகம் திறந்தார்கள். சென்னையில் ஏவி.எம். ஸ்டூடியோவில் 2023-இல் ஒன்று வந்தது. இப்படிப்பட்ட இடங்களில் அரிய கார்கள் தூசு படாமல் இருக்கும். ஆனால் ஒரு சாதாரண பத்மினிக்கு யார் இருக்கிறார்கள்? பிள்ளை வெளிநாட்டில். அப்பாவுக்குக் கண் சரியில்லை, ஓட்டுவதை நிறுத்திவிட்டார். வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டப் போகிறார்கள், ஷெட்டைக் காலி செய்ய வேண்டும். காயலான் கடைக்காரர் வருகிறார், எடை போடுகிறார், இழுத்துக்கொண்டு போகிறார். நம் தெருக்களில் நாற்பது வருஷம் ஓடிய கார்கள் பெரும்பாலும் இப்படித்தான் போய்ச் சேர்ந்தன.

மூன்று கம்பெனி, மூன்று கார்

இளைஞர்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். நாம் வளர்ந்த காலத்தில் இந்தியாவில் கார் வாங்க நினைத்தவருக்கு இருந்த வழி மொத்தம் மூன்று. ஐம்பதுகளின் நடுவில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இங்கே கடையைக் கட்டிக்கொண்டு போனபின், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் பிரீமியர், நம் ஊர் வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ். அவ்வளவுதான். அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கார் வந்த அன்று தெருவே கூடிவிடும். சந்தனம், குங்குமம், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம்.

அப்படி வந்த காரை யாரும் மூன்று வருஷத்தில் மாற்றவில்லை. அதில்தான் பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துப் போனார்கள். அதில்தான் மாப்பிள்ளை அழைப்பு நடந்தது. திருப்பதிக்கு ஏழு பேர் ஏறிப் போனதும் அதில்தான். கார் இல்லாத வீடுகளுக்கும் அதில் பங்கு உண்டு. இரவு இரண்டு மணிக்கு நெஞ்சுவலி என்றால் தெருவில் கார் வைத்திருந்த ஒரே வீட்டின் கதவைத்தான் தட்டுவோம். அந்தக் காரை ஒரு வீட்டுச் சொத்து என்று மட்டும் என்னால் நினைக்க முடியவில்லை.

மூன்றில் நமக்கு நெருக்கமானது ஸ்டாண்டர்ட். இங்கிலாந்தில் கவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியோடு சேர்ந்து 1948-இல் சென்னையில் தொடங்கியது. முதலில் வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்ட் எயிட், டென். 1961-இல் ஹெரால்டு. இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்த வடிவம். இங்கிலாந்தில் 'டிரயம்ஃப் ஹெரால்டு' என்ற பெயரில் 1959-இல் வெளிவந்த அதே கார் இரண்டே வருஷத்தில் நம் ஜி.எஸ்.டி. சாலையில் ஓடியது. 948 சி.சி. எஞ்சின், இரண்டு கதவு, பின்னால் மீன் துடுப்பு மாதிரி இரண்டு கூர். ஏறத்தாழ இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். மயிலாப்பூர் மாட வீதிக்கென்றே செய்தது போல இருக்கும். பின்னர் நான்கு கதவு வைத்தும் வந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் அதையே மாற்றி 'கஸல்' என்று கொண்டுவந்தார்கள். 1977 வாக்கில் அதுவும் நின்றது.

1985-இல் கடைசி முயற்சியாக 'ஸ்டாண்டர்ட் 2000' வந்தது. உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. அந்தக் கார் 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பரிசு வாங்கியது. ஆனால் நம் ஊரில் அதற்குள் வைத்தது பழைய வேன்கார்டு காலத்து எஞ்சினின் வழிவந்த ஒன்று. பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மாட்டுவண்டி ஓட்டினது போல ஆகிவிட்டது. விலையும் அதிகம், பெட்ரோலும் நிறையக் குடிக்கும். 1988-இல் உற்பத்தி நின்றது. ஆலையும் மூடியது. நம் தெருவிலேயே அந்த ஆலையை நம்பி இருந்த குடும்பங்கள் உண்டு. அவர்கள் பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும். இன்று பெருங்களத்தூரில் அந்தப் பக்கமாகப் போகும் பிள்ளைகளுக்கு அங்கே கண்ணாடிக் கட்டடங்கள்தான் தெரியும். ஒரு காலத்தில் கார் செய்த இடம் என்று சொல்ல ஒரு ஹெரால்டு எதிரே வந்தால்தான் உண்டு.

கூட்டத்தில் கண்டுபிடிப்பது எப்படி

நடைப்பயிற்சிக்குப் போகிறவர்களுக்கும், பால்கனியில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறவர்களுக்கும் இது நல்ல பொழுதுபோக்கு. செலவில்லை, முட்டிவலியும் வராது. நான் பழகிக்கொண்ட சில அடையாளங்களைச் சொல்கிறேன்.

ஹெரால்டைத் தூரத்தில் இருந்தே பின்சக்கரத்தை வைத்துச் சொல்லிவிடலாம். பின்பக்கம் குறுக்காகப் போட்ட ஒரே பட்டை ஸ்பிரிங்தான் பாரத்தைத் தாங்கும். அது தளர்ந்துபோனால் இரண்டு சக்கரங்களும் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, கால் வளைந்த மனிதர் நடப்பது போலத் தெரியும். நம் சாலைகளில் இந்த அமைப்பு தாங்கவில்லை என்றுதான் கஸலில் நேரான அச்சு வைத்தார்கள். ஹெரால்டு வழியில் நின்றுவிட்டால் இன்னொரு வேடிக்கை. மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுவதும் முதலை வாய் மாதிரி முன்னோக்கித் திறக்கும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்ப்பார்.

அம்பாசடர் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. பானெட்டில் பள்ளம் பள்ளமாக அலை இருந்தால் அது மார்க் 1, அதாவது ஐம்பதுகளின் கடைசியில் இருந்து அறுபதுகளின் தொடக்கம் வரை வந்தது. முன்பக்கம் சதுரங்கக் கட்டம் மாதிரிச் சல்லடை இருந்தால் மார்க் 2. அம்பாசடர் மாதிரியே இருந்து, பின்பக்கத்தில் கூர் இல்லாமல் உருண்டையாக இருந்தால் நின்று பாருங்கள். அது அம்பாசடருக்கு முந்திய லேண்ட்மாஸ்டர். 1954 முதல் 1958 வரை வந்த கார். இன்று தெருவில் அதைப் பார்த்தால் அன்றைக்கு முழித்த முகம் நல்ல முகம்.

ஃபியட்டிலும் தலைமுறைகள் உண்டு. ஐம்பதுகளில் வந்த உருண்டை ஃபியட்டில் முன்கதவு நாம் பழகியதற்கு எதிர்த்திசையில் திறக்கும். 1964-இல் டிலைட் வந்தது. அதன் வாரிசு 1972-இல் பிரீமியர் பிரெசிடென்ட் ஆகி, 1974-இல் பத்மினி என்று பெயர் மாறியது. 1089 சி.சி. எஞ்சின், ஸ்டியரிங்கோடு ஒட்டிய கியர். இப்போது பத்மினியே அரிதாகிவிட்டது. பம்பாயில் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக ஆயிரக்கணக்கில் ஓடியதில் கடைசி வண்டி 2023 அக்டோபரோடு நின்றது.

எண்பதுகளின் கார்களும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டன. 1984-இல் வந்த கான்டெஸா. ஃபியட் 124 உடம்பில் நிஸான் எஞ்சின் வைத்த பிரீமியர் 118 என்.இ. பெங்களூரில் சிபானி கம்பெனி செய்த டால்ஃபின். டால்ஃபினின் உடம்பு இரும்பு இல்லை, ஃபைபர் கிளாஸ். துருப் பிடிக்காது என்றாலும் இன்று எங்கே தேடினாலும் கிடைக்க மாட்டேன் என்கிறது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இன் முதல் வடிவமும் அப்படியே. 1986-க்கு முன் வந்த, பெட்டி மாதிரி இருக்கும் அந்த வண்டியைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எந்தக் கார் என்று தெரியாவிட்டால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். எம்.எஸ்.எக்ஸ்., எம்.எஸ்.ஒய். என்று 'எம்'மில் தொடங்கினால் அது சென்னை ராஜ்யம் என்று பெயர் இருந்த காலத்து வண்டி. 'டி'யில் தொடங்கி மூன்று எழுத்து இருந்தால் தமிழ்நாடு என்று பெயர் மாறிய பிறகு வந்தது. 'டி.என். 01' மாதிரி எண் சேர்ந்து வந்தால் 1989-க்குப் பிற்பாடு பதிந்தது. ஒரு பிளேட்டில் இவ்வளவு சரித்திரம் இருக்கிறது.

ஓடினால்தான் கார்

அருங்காட்சியகத்தில் வைத்தால் பத்திரமாக இருக்குமே, ஏன் தெருவில் இடிபட வேண்டும் என்று கேட்பார்கள். காருக்கு நின்றுகொண்டே இருப்பதுதான் பெரிய வியாதி. பெட்ரோல் டாங்கில் பிசினாகிவிடும். பிரேக் சிலிண்டர் துருப் பிடித்து இறுகிவிடும். ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும். டயர் ஒரே இடத்தில் அமுங்கி வட்டம் கெட்டுவிடும். எலி வந்து வயரைக் கடிக்கும். வாரத்துக்கு ஒருமுறை பத்து கிலோமீட்டர் ஓடும் கார், பத்து வருஷம் துணி போர்த்தி நின்ற காரைவிட நல்ல நிலையில் இருக்கும். நம் உடம்புக்கு டாக்டர் சொல்வதும் அதுதானே.

கார் ஓடினால்தான் அதற்கு வேலை செய்யத் தெரிந்த மனிதரும் பிழைப்பார். பல்லாவரத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். கார்புரேட்டரில் திருகை அரைச் சுற்று திருப்பிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்பார். "இப்ப சரி சார், பாடுது பாருங்க" என்பார். அவர் மகன் ஒரு ஷோரூமில் லேப்டாப்பை வண்டியில் செருகி வேலை பார்க்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது, அவன் காலத்து வண்டிக்கு அதுதான் வேண்டும். ஆனால் பெரியவர் காதில் இருக்கும் வித்தை அவரோடு போய்விடும். புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் ஃபியட் சாமான், அம்பாசடர் சாமான் என்று கேட்டால் கையை நீட்டி எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர்களும் அப்படித்தான். கேட்க ஆள் வந்தால் சாமான் வைப்பார்கள். வராவிட்டால் அந்த அலமாரியில் செல்போன் கவர் தொங்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. மைதானத்தில் நிற்கும் காரை, பழைய காரைப் பார்ப்பதற்கென்றே வந்தவர்கள்தான் பார்க்கிறார்கள். தெருவில் வரும் காரை எல்லோரும் பார்க்கிறார்கள். பள்ளிக்கூடப் பையன் பார்க்கிறான், பூக்காரம்மா பார்க்கிறாள், டெலிவரி பையன் வண்டியை நிறுத்திப் பார்க்கிறான். "எங்க தாத்தா இதுலதான் டிரைவரா இருந்தாரு" என்று ஒருவன் பெட்ரோல் பங்கில் என் காதுபடச் சொன்னான். அந்தப் பையனுக்குக் கண்காட்சிக்கு டிக்கெட் வாங்கத் தோன்றியிருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது

நான் மாறுபடுவது இங்கேதான். 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவு நடந்து ஐம்பது வருஷம் ஆன, பெரிய மாற்றம் செய்யாத காரும் இருசக்கர வண்டியும் 'வின்டேஜ்' என்று பதிவு பெறலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷம் கழித்துப் புதுப்பிக்க 5,000 ரூபாய். நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். பழைய நம்பர் ஏற்கெனவே இருந்தால் அதை வைத்துக்கொள்ளலாம். இதுவரை நல்லது. ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு விதி வந்ததே என்று நானும் மகிழ்ந்தேன்.

ஆனால் கூடவே ஒரு நிபந்தனை. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடத் தேவைக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேர் செய்ய என்று போகலாம். கோயிலுக்குப் போகலாமா? காய்கறிக் கடைக்கு? விதியின்படி பார்த்தால், வழக்கமாகப் போவதென்றால் கூடாது. பாதுகாக்கிறோம் என்ற பேரில் காரை ஊர்வல யானை ஆக்கிவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஐம்பது வயது ஆகாத கார்களுக்கு. 1985 பத்மினி, 1990 கான்டெஸா, 1984 மாருதி. இவை இன்னும் வின்டேஜ் இல்லை. சட்டத்தின் கண்ணில் இவை வெறும் பழைய வண்டி, உடைக்க வேண்டிய வண்டி. பதினைந்து வருஷம் ஆனதும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வண்டியைக் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயில் இருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆனது. பசுமை வரி தனி. பத்மினி உற்பத்தி 2000-ஐ ஒட்டியே நின்றுவிட்டது. ஆக, இன்று நாட்டில் ஓடும் அத்தனை பத்மினியும் இந்தப் பத்தாயிரம் கணக்கில்தான் வரும். அம்பாசடர் உற்பத்தி நின்றது 2014-இல். 2029-இல் கடைசி அம்பாசடருக்கும் பதினைந்து வயது ஆகிவிடும். அதே 2014-இல்தான் மாருதி 800-உம் நின்றது. மாளிகை வீட்டுக்காரருக்குப் பத்தாயிரம் ஒரு பொருட்டில்லை. பென்ஷனில் காலம் தள்ளுகிறவர் யோசிப்பார். காயலான் கடைக்காரர் அந்த யோசனைக்காகத்தான் காத்திருக்கிறார்.

மறுபக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. என் மகன் கேட்பான்: "அந்தப் புகையை யாருப்பா சுவாசிக்கிறது?" கார்புரேட்டர் வைத்த பழைய எஞ்சின், ஒரு கிலோமீட்டருக்கு இன்றைய காரைவிட அதிகம் நச்சுப் புகை விடும். அது உண்மை. சீட் பெல்ட் கிடையாது, மோதினால் தாங்கும் அமைப்பு கிடையாது, பிரேக் பிடித்தால் நிற்பதற்குள் ஒரு பிரார்த்தனை சொல்லி முடித்துவிடலாம். இதையெல்லாம் மறைத்துப் பேச நான் தயாரில்லை. டெல்லியில் பதினைந்து வருஷ பெட்ரோல் வண்டிக்கும் பத்து வருஷ டீசல் வண்டிக்கும் தடை வந்ததற்குக் காரணம் அங்கே மூச்சுவிட முடியாததுதான்.

ஆனால் ஒரு டாக்ஸி ஒரு வருஷத்தில் ஓடும் தூரம் எங்கே, ஒரு பெரியவர் வீட்டுப் பத்மினி ஓடும் தூரம் எங்கே? வயதை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லாமல், வண்டியின் நிலையையும் ஓடும் தூரத்தையும் பார்க்கலாமே. ஜெர்மனியில் முப்பது வருஷம் ஆன கார் அசல் வடிவம் கெடாமல் இருந்தால் தனி எழுத்துப் போட்ட நம்பர் கொடுக்கிறார்கள். 1997-இல் இருந்தே இது உண்டு. வருஷ வரி ஒரே தொகை. கடைக்கும் போகலாம், வேலைக்கும் போகலாம். இங்கிலாந்தில் நாற்பது வருஷம் ஆன, பெரிதாக மாற்றாத காருக்குச் சாலை வரியே கிடையாது. 2018-இல் இருந்து வருடாந்தரச் சோதனையும் கட்டாயமில்லை. சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் ஊருக்குச் சோதனை வேண்டும், கண்டிப்பாக வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்: முப்பது வயது ஆன கார்களுக்கு ஒரு தனி வகை, வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு வரம்பு, வருஷா வருஷம் புகைக்கும் பிரேக்குக்கும் ஒரு சோதனை, சாதாரண மனிதர் கட்டக்கூடிய ஒரு கட்டணம். அந்த வரம்புக்குள் அவர் கோயிலுக்குப் போனால் என்ன, கல்யாணத்துக்குப் போனால் என்ன?

நாம் செய்யக்கூடியது

அரசாங்கம் செய்யும் வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டு ஷெட்டில் ஒரு பழைய கார் இருந்தால் முதலில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்து வையுங்கள். கார் ஓடாவிட்டாலும் காகிதம் உயிரோடு இருக்கட்டும். காகிதம் இல்லாத காரை வாங்க நல்ல ஆள் வர மாட்டார், காயலான் கடைதான் வரும். பெட்ரோலில் இப்போது இருபது சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். குழாய்களைப் புதிய வகைக்கு மாற்றுங்கள், மாதக்கணக்கில் டாங்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள். ஓட்ட முடியவில்லை, விற்கத்தான் வேண்டும் என்றால், எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு மாதம் விசாரியுங்கள். அந்தக் காரை ஓட்ட ஆசைப்படும் இளைஞர்கள் இருக்கிறார்கள். பணம் கொஞ்சம் குறைந்தாலும் கார் தெருவில் இருக்கும்.

தெருவில் பார்க்கிறவர்களுக்கும் ஒரு மரியாதை உண்டு. விரட்டிக்கொண்டு போகாதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள். அந்த வண்டி மெதுவாகத்தான் போகும், பின்னால் பொறுமையாக வாருங்கள். நின்றால் பேசுங்கள். ஆனால் எடுத்த எடுப்பில் "விக்கிறீங்களா சார்?" என்று கேட்காதீர்கள். எங்கள் பகுதியில் பத்மினி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் சொன்னார்: "பார்க்கறவங்க எல்லாரும் அதையேதான் கேட்கறாங்க. எந்த வருஷத்து வண்டின்னு கேட்டா நான் காபியே வாங்கித் தருவேன்." எந்த வருஷம், யார் வாங்கியது, முதல் பயணம் எங்கே என்று கேளுங்கள். அரைமணி நேரம் அவர் முகத்தைப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. நாம் ஹெரால்டைத் தேடும் நேரத்தில், அடுத்த வரிசை கிளம்பிக்கொண்டிருக்கிறது. தொண்ணூறுகளில் வந்த டேவூ சியலோ, ஓப்பல் ஆஸ்ட்ரா, பூஷோ 309 மூன்றும் ஏறக்குறைய மறைந்துவிட்டன. மறைமலைநகரில் செய்த ஃபோர்டு ஐகானும், இருங்காட்டுக்கோட்டையில் செய்த முதல் சான்ட்ரோவும் இன்னும் அங்கங்கே தென்படுகின்றன. அவையும் நம் பக்கத்து ஊர்க் கைகள் செய்தவைதான். ஃபோர்டு ஆலையில் உற்பத்தி 2022-இல் நின்றுபோனதும் நமக்குத் தெரியும். எல்லாத் தெருவிலும் நிற்கும்போது எந்தக் காரையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஹெரால்டையும் அன்று நாம் திரும்பிப் பார்க்கவில்லை. இன்று மாலை நடக்கப் போகும்போது உங்கள் தெருவில் நிற்கும் பழைய சான்ட்ரோவை ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போங்கள். வீட்டுக்காரர் வெளியே வந்தால் எந்த வருஷத்து வண்டி என்று கேளுங்கள்.